கரும்பலகைக் கடிதம்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் இருக்கிறோம். ஒரு தொண்டு நிறுவனம் மூலமாகக் கம்போடியாவில் ஒரு சிறுமியின் படிப்புக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். நான், கணவர், பிள்ளைகள் இரண்டு பேர் என்று குடும்பமாக உட்கார்ந்து கடிதமும் எழுதுகிறோம். ஆனால் வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: நலம், நன்றாகப் படிக்கிறேன், நன்றி. மகனுக்கு அலுத்துவிட்டது. “அவளுக்கு நம்ம மேல இன்ட்ரஸ்டே இல்லம்மா” என்கிறான். பணம் மட்டும் அனுப்பினால் போதாதா? நீங்கள் விடுதியில் படித்தவர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

அந்த ‘நலம், நன்றி’ கடிதத்தை நானே வருடக்கணக்கில் எழுதியிருக்கிறேன். எண்பதுகளில், நெல்லைப் பக்கம் ஒரு விடுதி. எனக்குப் பணம் கட்டியது ஜெர்மனியில் ஒரு குடும்பம். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வார்டன் கரும்பலகையில் எழுதிப் போடுவார். ‘நான் நலம். அதுபோல் தங்கள் நலம் அறிய ஆவல்.’ நாற்பது பேரும் அதைப் பார்த்து எழுதுவோம். அடித்தல் திருத்தல் இருந்தால் புதுத் தாள். மனிதரைக் குறை சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் நாற்பது கடிதம் முடித்தாக வேண்டும் அவருக்கு.

உங்கள் சிறுமியும் தன் ஊரில் இப்படி ஒரு ‘கடித நாளில்’ உட்கார்ந்திருப்பாள். அவள் எழுதுவதை ஒருவர் படித்துப் பார்த்து, இன்னொருவர் ஆங்கிலத்தில் மாற்றி, உங்களிடம் வந்து சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். இதில் இன்ட்ரஸ்ட் எங்கே தெரியும்?

பணம் போதுமா என்றால், போதும். கடிதம் போகாததால் அவள் படிப்பு நிற்காது. ஆனால் 1937-இல், ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, ஜான் லாங்டன்-டேவிஸ் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் பிள்ளைகளுக்காக ‘பிளான்’ அமைப்பைத் தொடங்கியபோதே, ஒரு பிள்ளைக்கு ஒரு வளர்ப்புப் பெற்றோர், இருவருக்கும் நடுவில் கடிதம் என்றுதான் யோசித்தார். காரணம் அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது ஒரு நாய் விஷயம்தான், கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லையே. ‘நன்றாகப் படி, பெரியவர்களுக்குக் கீழ்ப்படி’ என்றால் அதற்குப் பதில் ‘சரி’ மட்டும்தான். அதைச் சொல்ல அவளைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆளுக்கு நாலு வரி போதும், ஆனால் அவரவர் கையால். சின்னவர் படம் போடட்டும். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும், சிலேடை மொழிபெயர்ப்பில் செத்துவிடும். காரும் வீடும் தெரிகிற போட்டோ வேண்டாம். நேரில் வருகிறோம் என்று எழுதவே எழுதாதீர்கள், நான் ஒரு வருடம் வாசலைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், அனுப்புமுன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அவள் “ஆமாம்” என்று எழுதினால் எதற்கு ஆமாம் என்று தெரிய வேண்டுமே.

நாய்க்கு வருகிறேன். ஒருமுறை அந்த ஜெர்மன் அம்மா, தங்கள் நாய் மேஜையிலிருந்த பிறந்தநாள் கேக்கை முழுதாகத் தின்றுவிட்டது என்று எழுதியிருந்தார். டீச்சர் அதைத் தமிழில் சொன்னதும் விடுதியே சிரித்தது. அடுத்த சனிக்கிழமை, கரும்பலகையில் இருந்ததையெல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டு, வார்டன் பார்க்காதபோது அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ‘நாய்க்கு அடி விழுந்ததா?’

பதில் வருவதற்குள் முழுப்பரீட்சை முடிந்து ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டேன். விழவில்லையாம். வயிற்றுவலியில் அதுவே ராத்திரி முழுக்க அழுததாம். கூடவே, மேஜைக்கடியில் அது படுத்திருக்கிற போட்டோ.