நான்காக மடித்த துண்டுப்பிரசுரம்

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அம்மாவுக்கு,

சென்ற சனிக்கிழமை என் ஆலோசனை மேசையில் இரண்டு தாள்களை வைத்தீர்கள். ஒன்று மகளின் உயர்தரப் பெறுபேறு. மற்றது அவளுடைய பையில் கிடந்த, சிவப்பு மையில் அச்சடித்த மே தினத் துண்டுப்பிரசுரம். பெறுபேற்றை விரித்து வைத்தீர்கள். துண்டுப்பிரசுரத்தை நான்காக மடித்தபடியே தள்ளினீர்கள். "சமூகப்பணி படிக்கப் போகிறாளாம். இடதுசாரிப் பிள்ளைகளோடுதான் திரிகிறாள். வேலை வருமா, பொலிஸ் வருமா?" என்று கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன்.

முதலில் பொலிஸ். உங்கள் பயத்தை வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். 1983 ஜூலைக் கலவரத்தைக் கொழும்பில் கண்டவர்கள் நாம். தற்காலிகம் என்று 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், 2022 இல் காலிமுகத்திடல் போராட்டம் ஓய்ந்த பிறகு மாணவர் தலைவர்கள்மீதும் பாய்ந்தது. ஆனால் "போகாதே" என்றால் அவள் சொல்லாமல் போவாள். எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாய், பிடித்தால் எந்தச் சட்டத்தரணியை அழைப்பாய் என்று கேளுங்கள். இவற்றுக்கு விடை வைத்திருக்கும் அமைப்போடு பழகட்டும். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சிரிக்கும் அமைப்பிலிருந்து பிள்ளையை விலக்கி வையுங்கள்.

இடதுசாரி என்ற சொல்லை நீங்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கேகாலைப் பக்கக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் சுமந்து போனவர்கள்தாம் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான, பருப்புக் கொடுத்த என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தயா' (பருப்பு ஐயா) என்றே பெயர் வந்தது. மலையகத்தில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சி அம்மாள் பாட்டுக் கட்டிப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். பெண்பிள்ளை கூட்டத்துக்குப் போவது நேற்று முளைத்த பழக்கமா, அம்மா?

அந்த வேலை எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி வேலை செய்யும் மட்டக்குளித் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். கொழும்புத் தோட்டம், அதாவது ஏழைகளின் நெருக்கமான குடியிருப்பு, எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்டு ஒரு மணி நேரம். வடிகான் நிரம்பிப் பொதுக் கழிவறைக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. இவள் மாநகர சபைக்கு மனு எழுதித் தருவாள் என்று பெண்கள் கூடியிருந்தார்கள். இவள் பேனையைத் தொடவே இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் நாற்பது பக்கக் கொப்பியை நீட்டினாள். ஒருத்தி தமிழில் சொல்ல, இன்னொருத்தி அதையே சிங்களத்தில் சொல்ல, பிள்ளை எழுதியது. எழுத்து அறியாத ஓர் ஆச்சி மனுவை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "தயவுசெய்து இரண்டு இடத்தில் வருகிறது, ஒன்றை எடு" என்றார். எடுத்த பிறகுதான் பெருவிரலை மையில் வைத்தார்.

அந்த இரண்டு மணி நேரத்தில் என் மாணவி வாய் திறந்தது நான்கு தடவை இருக்கலாம். அவளுக்குச் சம்பளம் அந்தப் பொறுமைக்குத்தான். மனுவுக்குப் பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம். தகவலைத் தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அலுவலகம் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகும் நடை, பிரதேச செயலகம், மறுபடி நடை. ஒரு வடிகானுக்கு ஒரு வருடம் போகும். உங்கள் மகள் கூட்டத்தில் நன்றாகப் பேசுவாள் என்று பெருமையும் கவலையுமாகச் சொன்னீர்கள். அவளுக்குக் கேட்கத் தெரியுமா? எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

படிப்புச் சிக்கலே இல்லை. 1952 இல் தொடங்கிய தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனம் இப்போது சீதுவைப் பக்கம் இருக்கிறது. சமூகப்பணியில் டிப்ளோமாவும் பட்டமும் அங்கே உண்டு. மொழிமூலத்தை விண்ணப்பம் கோரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தர இசட் புள்ளி இடம் கொடுத்தால் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கலாம். எந்த வழியில் போனாலும் சிங்களம் சரளமாக வர வேண்டும். வராவிட்டால் கொழும்பில் பாதிச் சமூகசேவகியாகத்தான் இருப்பாள்.

வேலை என்று வந்தால், சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர் என்று அரச பதவிகள் இருக்கின்றன. போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். பதவி உயர உயர அரசியல் உரிமை சுருங்கும் என்பதை மகள் இப்போதே அறிந்திருக்கட்டும். தொண்டு நிறுவனங்களில் சம்பளம் சற்றுத் தாராளம், ஆனால் திட்டத்துக்கு வரும் பணம் நின்றால் வேலையும் நின்றுவிடும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. இருபது வயதுகளில் மூன்று ஆண்டுகள் ஓர் அமைப்பில் முழுநேரமாக இருந்தேன். சம்பளம் கேட்டால் கொள்கையில் பிடிப்பில்லாதவன் என்ற பார்வை. ஆடைத் தொழிற்சாலைப் பெண்களுக்கு ஓய்வுக்காலத்துக்கான ஊழியர் சேமலாப நிதி கட்டு என்று முதலாளிகளை நோக்கித் துண்டுப்பிரசுரம் எழுதியவன் நான். என் பெயரில் ஒரு சதம் கட்டப்படவில்லை. என் அம்மா மாதாமாதம் பஸ் காசு தந்தார். அந்த மூன்று ஆண்டுகள்மீது எனக்கு வருத்தமில்லை, அம்மாவின் பஸ் காசை நினைத்தால் மட்டும் இன்றும் கூசுகிறது.

ஆகவே மகளுக்கு என் ஆலோசனை: சம்பளம் ஓரிடத்தில், இயக்கம் வேறிடத்தில். இயக்கத்தில் முழுநேரமாக இறங்குவதென்றால் நியமனக் கடிதம் கேட்கட்டும். சம்பளத்தில் ஊழியரிடம் 8 வீதம், நிறுவனத்திடம் 12 வீதம் சேமலாப நிதி, அதற்கு மேல் நிறுவனம் கட்டும் 3 வீத ஊழியர் நம்பிக்கை நிதி. இதைக் கேட்க வெட்கப்படும் பிள்ளை நாளைக்கு யாருடைய உரிமையைக் கேட்கப் போகிறது?

வரும் சனிக்கிழமை அவளையும் அழைத்து வாருங்கள். சாதாரண தரச் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும் தேவை. அந்தத் துண்டுப்பிரசுரத்தையும் கொண்டு வாருங்கள். நான் அதை இன்னும் வாசிக்கவில்லை. நீங்களும் வாசிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.