நாலு பேர் குடும்பத்துக்கு மளிகைச் செலவைக் குறைப்பது எப்படி?

மளிகைச் செலவைக் குறைப்பது என்றதும் மாதச் சாமான் லிஸ்ட்டைக் குறைக்கத்தான் பார்ப்போம், ஆனால் பணம் கரைவது அங்கே இல்லை, நடுவில் பால் வாங்கப் போய் கூடவே பிஸ்கட்டும் மிக்சரும் எடுத்து வருகிறோமே, அங்கேதான். ஒரு மாதம் அந்தச் சில்லறைச் செலவை மட்டும் காலண்டரில் எழுதிப் பாருங்கள்.

அடுத்து ரேஷன். தமிழ்நாட்டில் அரிசி அட்டை இருந்தால் அரிசிக்குக் காசில்லை, துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. அரிசி வாடை வருகிறது என்று விட்டுவிடாதீர்கள். நாலைந்து தண்ணீர் நன்றாகக் கழுவி, இட்லி அரிசியோடு பாதிக்குப் பாதி சேர்த்து ஊறவைத்தால் இட்லி அருமையாக வரும், எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக இப்படித்தான்.

புளி, மிளகாயை மாசி பங்குனியில் புதுச்சரக்கு வரும்போதே வருஷத்துக்கும் வாங்கிவிடுவேன். புளியை வெயிலில் காயவைத்து, கொட்டையும் நாரும் எடுத்து, கல்லுப்பு தூவி ஜாடியில் அமுக்கி வைத்தால் அடுத்த வருஷம்வரை கெடாது. கறுப்பாகும், அது பரவாயில்லை.

காய்க்கு உழவர் சந்தை. 1999-ல் மதுரையில் தொடங்கியது, இப்போது பல ஊர்களில் இருக்கிறது. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு அப்புறம் என்ன குழம்பு என்று முடிவு செய்யுங்கள். வெண்டைக்காய் விலை ஏறிய வாரம் வெண்டைக்காய் வேண்டாம், சுரைக்காய் கூட்டு வையுங்கள்.