போட்டி ஆய்வகமும் வரும் மாநாட்டில் வெளியிடாத முடிவைக் காட்டலாமா?

கேள்வி: ஜீப்ரா மீனின் கருவில் இதயம் உருவாவது பற்றி பிஎச்டி செய்கிறேன். ஒரு மரபணுவை முடக்கினால், இரண்டாம் நாளில் வளைய வேண்டிய இதயக் குழாய் நேராகவே நின்றுவிடுகிறது. இதை இன்னும் வெளியிடவில்லை. அடுத்த மாதம் வளர்ச்சி உயிரியல் மாநாட்டில் போஸ்டர் வைக்கிறேன். ஒரு பெரிய ஆய்வகமும் இதே மரபணுவில் வேலை செய்வதாகக் கேள்வி. பழைய படங்களை மட்டும் போடச் சொல்கிறார் கைடு. என்ன செய்வது?

பதில்: புதிய முடிவையே காட்டுங்கள். பழைய படங்கள் இருக்கும் போஸ்டர் முன்னால் யாரும் நிற்க மாட்டார்கள், அப்புறம் போவதே வீண். ஆனால் மாநாட்டுக்கு முன்பே அந்த முடிவை பயோஆர்கைவ் இணையதளத்தில் பிரீபிரிண்டாக, அதாவது இதழின் மதிப்பாய்வுக்கு முன்பே எல்லோரும் படிக்கக்கூடிய கட்டுரையாக, ஏற்றிவிடுங்கள். அவர்கள் முந்திவிடுவார்களே என்ற கைடின் பயத்துக்கு மருந்து அதுதான்.

கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் 2013 நவம்பரில் தொடங்கிய சேவை பயோஆர்கைவ். மேலோட்டமான சரிபார்ப்பு முடிந்ததும், பெரும்பாலும் சில நாட்களிலேயே, கட்டுரை தேதியோடும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணோடும் வெளியாகிவிடும். யார் முதலில் சொன்னது என்ற கேள்விக்கு அந்தத் தேதி போதும். கதை முழுமையாக இருக்க வேண்டியதில்லை. புதிய சோதனைகள் வந்தால் அடுத்த பதிப்பை ஏற்றலாம். ஆனால் ஏற்றியதை அழிக்க முடியாது. கட்டுரையைத் திரும்பப் பெற்றாலும் அதன் தடம் அங்கேயே இருக்கும். அதனால் எல்லா ஆசிரியர்களின் சம்மதத்தையும் முதலில் வாங்கிவிடுங்கள்.

இதழ்களும் முன்பு போல இல்லை. போட்டியாளரின் கட்டுரை வெளிவந்து ஆறு மாதத்துக்குள் நீங்கள் அனுப்பினால், 'இது ஏற்கெனவே வந்துவிட்டது' என்று பிஎல்ஓஎஸ் பயாலஜி தள்ளிவிடாது. 2018 முதல் இந்த விதி உண்டு. எம்போ இதழ்களிலும் இதுபோன்ற பாதுகாப்பு இருக்கிறது. விவரம் இதழுக்கு இதழ் மாறும், அனுப்பும் முன் படித்துவிடுங்கள்.

அடுத்தது பலர் தயங்கித் தவிர்ப்பது: அந்த ஆய்வகத் தலைவருக்கு உங்கள் கைடு நேராக ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். கையெழுத்துப் பிரதி தயாரான பிறகு எழுதுவது நல்லது. எங்களிடம் இது இருக்கிறது, நீங்களும் அனுப்பப் போகிறீர்களென்றால் ஒரே இதழுக்குச் சேர்ந்து அனுப்பலாமா என்று நாலு வரி போதும். ஒரு வாரம் பாருங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் பிரீபிரிண்ட் போகட்டும்.

இது ஒன்றும் அசட்டுத் துணிச்சல் இல்லை. பழ ஈ ஆய்வாளர்கள் 1934லேயே ஒரு தகவல் மடல் தொடங்கி, வெளியிடாத குறிப்புகளையும் ஈ வகைகளின் பட்டியலையும் பகிர்ந்துகொண்டார்கள். உருளைப்புழு ஆய்வாளர்களும் 1975ல் அப்படி ஒன்றைத் தொடங்கினார்கள். உங்கள் ஜீப்ரா மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். ட்யூபிங்கனிலும் பாஸ்டனிலும் இரண்டு குழுக்கள் ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான மியூட்டன்ட் மீன்களை, அதாவது மரபணுவே மாறிய மீன்களை, தேடின. முடிவுகள் 1996 டிசம்பரில் 'டெவலப்மென்ட்' இதழின் ஒரே வெளியீட்டில் சேர்ந்து வந்தன. இரு தரப்புக்கும் நஷ்டமில்லை.

உங்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. மார்ஃபோலினோ என்ற செயற்கை மூலக்கூறைக் கொண்டு மரபணுவைத் தற்காலிகமாக அடக்கும்போது தெரியும் கோளாறு, அதே மரபணுவின் மியூட்டன்டில் பல நேரம் தெரிவதில்லை என்று 2015ல் வந்த ஆய்வுகள் காட்டின. மார்ஃபோலினோவின் பக்கவிளைவு ஒரு காரணம். மியூட்டன்டில் வேறு மரபணுக்கள் ஈடுகட்டிவிடுவது இன்னொன்று. நீங்கள் ஒரு முறையிலும் அவர்கள் மற்றதிலும் இதே நேரான குழாயைப் பார்த்திருந்தால், மதிப்பாய்வாளர் கேட்கப்போகும் முதல் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

ஒரு மாதத்தில் பிரீபிரிண்ட் முடியாது என்றால்? மரபணுவின் பெயரை மறைத்து 'ஜீன் எக்ஸ்' என்று போடுபவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது, பார்க்க வருபவர்களுக்கும் எரிச்சல்தான். இருந்தாலும் பழைய படங்களுக்கு அது மேல்.

மாநாட்டின் விதியையும் பாருங்கள். கார்டன் ஆய்வு மாநாடுகளில் பேசுவதெல்லாம் தனிப்பட்ட தகவலாகவே கருதப்படும், படம் எடுக்கக் கூடாது. மற்ற இடங்களில் போஸ்டரின் மூலையில் 'படம் எடுக்க வேண்டாம்' என்று நீங்களே எழுதலாம். கண்டுபிடிப்பில் காப்புரிமைக்கு வாய்ப்பு இருந்தால் மட்டும் எல்லாவற்றையும் நிறுத்திவைத்து, முதலில் உங்கள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவைக் கேளுங்கள். போஸ்டர், பிரீபிரிண்ட் இரண்டுமே பொது வெளியீடுதான். அமெரிக்காவில் அதன் பிறகும் ஓராண்டு அவகாசம் உண்டு, ஐரோப்பாவில் பொதுவாகக் கிடையாது.