ஆபீஸில் ஒரு மெஷின், வீட்டில் ஒரு மெஷின்: கிட் பிராஞ்ச் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, புரோகிராம் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட்டில், ஆபீஸ் டெஸ்க்டாப்பில் பாதி வேலையை ஸ்டாஷ் போட்டுவிட்டு வந்தேன். வீட்டு லேப்டாப்பில் புல் செய்தால் எதுவும் வரவில்லை. போயே போச்சா?

பதில்: போகவில்லை தம்பி, ஆபீஸ் மெஷினிலேயே பத்திரமாக இருக்கிறது. ஸ்டாஷ் என்பது பாதி வேலையைத் தற்காலிகமாக ஒதுக்கிவைப்பது; அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கும். நாம் வழக்கமாகச் செய்யும் புஷ்ஷும் (சர்வருக்கு அனுப்புவது) புல்லும் (சர்வரிலிருந்து இறக்கிச் சேர்ப்பது) அதைத் தொடாது. நாளைக்குப் போய் 'கிட் ஸ்டாஷ் பாப்' அடியுங்கள், வந்துவிடும்.

இனிமேல் இடத்தை விட்டு எழுந்திருக்கும்போது ஸ்டாஷ் வேண்டாம். உங்களுக்கென்று ஒரு பிராஞ்ச் (தனிக் கிளை) வைத்துக்கொண்டு, அரைகுறையாக இருந்தாலும் 'பாதி வேலை' என்று கமிட் (வரலாற்றில் ஒரு பதிவு) போட்டுப் புஷ் செய்துவிட்டு எழுந்திருங்கள். ஓடாத புரோகிராமை கமிட் செய்யலாமா என்று பலரும் தயங்குகிறார்கள். எல்லோரும் பகிரும் மெயின் பிராஞ்சில் கூடாதுதான். சொந்த பிராஞ்சில் தாராளமாகச் செய்யலாம். மெயினோடு சேர்க்கும் மெர்ஜுக்கு முன்னால், கமிட்களைத் திருத்தி அடுக்கும் இன்டராக்டிவ் ரீபேஸ் ஓட்டி எல்லாவற்றையும் ஒரே கமிட்டாகச் சுருக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: அப்படித்தான் சுருக்கி ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் இருப்பதை மேலெழுதும் புஷ்) செய்தேன். மற்ற மெஷினில் புல் போட்டதும் பழைய கமிட்டெல்லாம் திரும்ப வந்து ஒரே கான்ஃப்ளிக்ட் (மாற்றங்கள் ஒன்றோடொன்று மோதல்)!

பதில்: பல மெஷின்களில் வேலை செய்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஒரு மெஷினில் வரலாற்றை மாற்றி எழுதிவிட்டீர்கள். மற்றதில் பழைய வரலாறு அப்படியே இருக்கிறது. கிட்டின் கண்ணுக்கு இரண்டும் தனித்தனி வேலை, அதனால் சேர்க்கப் பார்க்கிறது. அந்த மெஷினில் புல் செய்யாதீர்கள். முதலில் 'கிட் ஃபெட்ச்' (சேர்க்காமல் இறக்க மட்டும் செய்வது), அடுத்து சர்வரில் இருக்கும் பிராஞ்சுக்கு 'ரீசெட் ஹார்ட்' (இந்த மெஷினின் பிராஞ்சை அப்படியே அந்த நிலைக்கு மாற்றுவது). ஆனால் அதற்கு முன் 'கிட் ஸ்டேட்டஸ்', 'கிட் லாக்' இரண்டையும் கட்டாயம் பாருங்கள். கமிட் ஆகாத மாற்றத்தை ரீசெட் ஹார்ட் அழித்தால் கிட்டால் பெரும்பாலும் மீட்க முடியாது.

புஷ் ஆகாத மூன்று கமிட் இருப்பதை மறந்து நானே ஒருமுறை இதை அடித்திருக்கிறேன். கமிட் ஆகியிருந்ததால், பிராஞ்ச் எங்கெங்கே நகர்ந்தது என்று கிட் குறித்து வைக்கும் ரிஃப்ளாக்கில் தேடி எடுத்தேன். எந்த பிராஞ்சிலும் இல்லாத கமிட்டின் பதிவை ரிஃப்ளாக் வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும். அதுவும் அந்தந்த மெஷினில் மட்டும்தான். லேப்டாப்பில் தொலைத்ததை டெஸ்க்டாப்பில் தேடிப் பயனில்லை.

வெறும் ஃபோர்ஸுக்குப் பதில் 'ஃபோர்ஸ் வித் லீஸ்' போடுங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த நிலையில் சர்வர் இல்லாவிட்டால் புஷ் நடக்காது. உங்கள் எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்யும் வகை என்றால் இந்தக் காவல் தளர்ந்துவிடும். அதற்காகவே, சர்வரில் வந்ததை நீங்கள் உண்மையிலேயே சேர்த்துக்கொண்டீர்களா என்று பார்க்கும் 'ஃபோர்ஸ் இஃப் இன்க்ளூட்ஸ்' கிட் 2.30-இல் வந்தது; இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? ப்ராஜெக்ட் ஃபோல்டரையே கிளவுட் டிரைவில் வைத்துவிட்டால்?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கிட் தன் கணக்கையெல்லாம் மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டரில் ஏராளமான சின்னச் சின்ன ஃபைல்களாக வைத்திருக்கிறது. எதை முதலில் அனுப்ப வேண்டும் என்பது சிங்க் செய்யும் மென்பொருளுக்குத் தெரியாது. இரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் எழுதினால் ரெப்போ (கிட்டின் சேமிப்பகம்) கெட்டுப்போகலாம். சர்வர் இல்லையென்றால் ஒரு பென்டிரைவில் 'பேர்' ரெப்போ (வேலை செய்யும் ஃபைல்கள் இல்லாமல் வரலாறு மட்டும் இருப்பது) உருவாக்கி, அதற்குப் புஷ் செய்யுங்கள். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதியபோதே ஒவ்வொரு மெஷினிலும் முழு வரலாறும் இருக்கும்படிதான் அமைத்தார். நடுவில் பெரிய சர்வர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

கேள்வி: வீட்டில் விண்டோஸ், ஆபீஸில் லினக்ஸ். ஒரு வரிகூட மாற்றாமலேயே எல்லா ஃபைலும் மாறியதாகக் காட்டுகிறது.

பதில்: பெரும்பாலும் வரி முடிவுக் குறியீடுதான் காரணம்; விண்டோஸும் லினக்ஸும் வரியின் முடிவை வெவ்வேறு விதமாகக் குறிக்கின்றன. ரெப்போவில் கிட்ஆட்ரிப்யூட்ஸ் ஃபைல் (ஃபைல்களை எப்படிக் கையாள வேண்டும் என்று கிட்டுக்குச் சொல்வது) வைத்து 'டெக்ஸ்ட்=ஆட்டோ' போடுங்கள். பிறகு ஒரே ஒரு முறை 'கிட் ஆட் ரீநார்மலைஸ்' ஓட்டி கமிட் செய்யுங்கள்.

கேள்வி: இன்று புஷ் செய்ய மறந்தே வந்துவிட்டேன் அக்கா. நாளை காலை டெமோ. வீட்டில் எப்படித் தொடர்வது?

பதில்: கடைசியாகப் புஷ் ஆன இடத்திலிருந்து புது பிராஞ்ச் எடுங்கள். ஆபீஸில் தொட்ட ஃபைல்களை விட்டு வேறு பகுதியில் வேலை செய்து, புஷ் செய்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஆபீஸ் மெஷினில் முதல் வேலையாக நேற்றைய மாற்றங்களை கமிட் செய்து, ஃபெட்ச் போட்டு, இரவு எழுதிய பிராஞ்சின் மேல் ரீபேஸ் செய்யுங்கள் (அதன் மேல் உங்கள் கமிட்டை அடுக்குவது). கமிட் செய்வதற்கு முன் புல் மட்டும் அடித்துவிடாதீர்கள்.