நம் ஐபியை வேறொருவர் அறிவித்தால்?

கேள்வி: எங்களுடையது சிறிய நெட்வொர்க், ஒரே ஒரு /22 ஐபி தொகுதிதான் (1,024 முகவரிகள்). மானிட்டரில் எல்லாம் பச்சையாக இருக்கும்போதே, சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தளம் திறப்பதில்லை. யாராவது ரூட்டைக் கடத்தியிருப்பார்களா, அதாவது எங்கள் ஐபி தங்களிடம் இருப்பதாக மற்ற நெட்வொர்க்குகளுக்கு அறிவித்து டிராஃபிக்கை இழுத்திருப்பார்களா? எப்படி உறுதி செய்வது, என்ன செய்வது?

பதில்: மானிட்டர் உள்ளே இருந்தால் பச்சையாகத்தான் காட்டும். அதன் டிராஃபிக் உங்கள் எல்லையைத் தாண்டுவதே இல்லையே! வெளியிலிருந்து பார்க்க வேண்டும். ரூட் அறிவிப்புகள் வெளியே எப்படித் தெரிகின்றன என்று காட்டும் ரைப்ஸ்டாட், ரூட்வியூஸ் தளங்கள் இரண்டும் இலவசம். /22-ஐ மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். அதற்குள் வரும் /23, /24 அறிவிப்புகளையும் பாருங்கள் (எண் கூடக்கூடத் தொகுதி சிறிது). ஏஎஸ் என்பது ஒரு நெட்வொர்க், ஏஎஸ் பாதை என்பது அறிவிப்பு கடந்து வந்த நெட்வொர்க்குகளின் எண் வரிசை. அதன் வலதுகோடி எண், அதாவது அறிவிப்பைத் தொடங்கியவரின் எண், உங்களுடையது இல்லையென்றால் சந்தேகம் சரி. (டிராஃபிக்கைக் கொட்டி முடக்கும் டிடாஸ் தாக்குதலிலிருந்து பாதுகாப்புக்கு நீங்களே யாரிடமாவது ஒப்படைத்திருக்கிறீர்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.) எண் உங்களுடையதே, ஆனால் அதற்கு இடப்பக்கம் உங்களோடு தொடர்பே இல்லாத ஏஎஸ் நிற்கிறதா? அதுவும் கடத்தல்தான், கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது.

நெட்வொர்க்குகள் ரூட்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் பிஜிபி முறையில் குறுகிய தொகுதிக்கே முதலிடம். 2008 பிப்ரவரி 24-இல் யூடியூபின் /22-க்குள் இருந்த ஒரு /24-ஐப் பாகிஸ்தான் டெலிகாம் அறிவித்தது. உள்நாட்டில் தடுக்கப் போட்ட ரூட், அப்ஸ்ட்ரீம் (அதற்கு இணைய இணைப்புத் தரும் நெட்வொர்க்) வழியாக உலகமெங்கும் கசிந்துவிட்டது. யூடியூப் அதே /24-ஐ அறிவிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நீங்களும் அதையே செய்யலாம். எதிராளியும் /24 என்றால் டிராஃபிக்கில் ஒரு பகுதியாவது திரும்பும். /25-க்குப் போய்ப் பெரிய பயனில்லை, பெரும்பாலான நெட்வொர்க்குகள் அதை ஏற்பதில்லை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எந்தத் தொகுதியை எந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்று பதிந்து வைக்கும் ஆர்பிகேஐயில் உங்கள் பதிவு /22 வரை மட்டுமே அனுமதித்தால், அவசரத்தில் நீங்கள் விடும் /24-ஏ செல்லாததாகிவிடும். முதலில் அந்தப் பதிவைத் திருத்துங்கள். அது பரவச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்காக எப்போதுமே /24 வரை திறந்து வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் ஏஎஸ் எண்ணைப் போலியாகப் போட்டு /24 அறிவிப்பவனுக்கும் அது வசதியாகிவிடும்.

அப்புறம், கடத்தியவரைவிட அவருடைய அப்ஸ்ட்ரீமைப் பிடியுங்கள். வடிகட்டும் கை அவர்களுடையது. தொடர்பு விவரம் நெட்வொர்க்குகளின் தகவல் தளமான பியரிங்டிபியில் கிடைக்கும். மின்னஞ்சலை வேறு முகவரியிலிருந்து அனுப்புங்கள். உங்கள் மெயில் சர்வரும் அந்த /22-க்குள் இருந்தால் பதில் வேறெங்கோ போகும்.

டிராஃபிக் தன்னிடம் வரும்போது, கடத்தியவர் உங்கள் டொமைன் தன்னுடையது என்று காட்டிவிட முடியும். அதனால் ரூட் திரும்பிய பிறகு, அந்த நேரத்தில் உங்கள் டொமைனுக்கு யாராவது டிஎல்எஸ் (https-க்கான) சான்றிதழ் வாங்கினார்களா என்று சான்றிதழ் வெளிப்படைப் பதிவேடுகளில் தேடுங்கள். நீங்கள் கேட்காத ஒன்று இருந்தால் அதை வழங்கிய நிறுவனத்திடம் உடனே ரத்து செய்யச் சொல்லுங்கள்.