குறிப்புக் கோப்பும் ஆவணம்தான்

கேள்வி: அம்மாவின் முதியோர் உதவித்தொகை மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஏன் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, கோப்பில் எழுதிய குறிப்புகளின் நகலும் கேட்டேன். "அவை அலுவலக உள் குறிப்புகள், ஆவணம் ஆகாது" என்று பதில் வந்திருக்கிறது. சரியா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சரியில்லை, விட்டுவிடாதீர்கள். 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஐ) ஆவணம், கையெழுத்துப் பிரதி, கோப்பு, மைக்ரோஃபிலிம், கம்ப்யூட்டரில் உருவான எதுவும் பதிவேடுதான் என்கிறது. பிரிவு 2(எஃப்) இன்னும் அகலமானது: மின்னஞ்சல், கருத்து, ஆலோசனை, லாக்புக், மாதிரிப்பொருள்கூட 'தகவல்'. கோப்பு என்றால் மனுவும் கடிதமும் இருக்கிற நடப்புக் கோப்பு மட்டுமா, அதிகாரிகள் "நிராகரிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற குறிப்புக் கோப்பும் சேர்ந்ததுதானே? மத்தியத் தகவல் ஆணையம் 2006-லேயே இதைச் சொல்லிவிட்டது. அதே வருஷம் இந்தக் குறிப்புகளை விலக்குவதற்காகச் சட்டத்தையே திருத்த மத்திய அமைச்சரவை முடிவெடுத்து, நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. குறிப்புகள் சட்டத்துக்குள் வராதவை என்றால் திருத்தம் எதற்கு?

ஆனால் உங்கள் மனுவிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. "ஏன்" என்று கேட்டிருக்கிறீர்கள். அலுவலகத்தின் கையில் ஏற்கெனவே இருப்பதைத்தான் சட்டம் தரச் சொல்கிறது, இல்லாததைப் புதிதாக எழுதித் தரச் சொல்லவில்லை. விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-ல் இரண்டையும் சொன்னது: திருத்திய விடைத்தாள் தகவல்தான், மாணவர் பார்க்கலாம், ஆனால் இல்லாத தகவலை உருவாக்கித் தர வேண்டியதில்லை. அதனால் காரணத்தைக் கேட்காமல், காரணம் எழுதப்பட்ட தாளைக் கேளுங்கள். மனு எண், தேதி போட்டு, வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) அறிக்கை, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணை அறிக்கை, குறிப்புக் கோப்பின் எல்லாப் பக்கங்கள், நிராகரிப்பு ஆணை என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். கோப்பை நேரில் பார்க்கவும் பிரிவு 2(ஜே) உரிமை தருகிறது, அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அப்புறம், அம்மா பெயரிலேயே, அவர் கையெழுத்தோடு போடுங்கள், மூன்றாம் நபர் விவரம் என்று மறுக்க இடமிருக்காது.

இப்போது வந்த பதிலுக்கு, கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கேயும் மறுத்தால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.