அப்பாவின் புல்லட்டை நானே சரிசெய்யலாமா?

கோத்தகிரி பக்கத்து ஹட்டியிலிருந்து (படகர் ஊர்) ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பா 1986-ல் வாங்கிய புல்லட் 350. அவர் காலமான பிறகு பத்து வருஷத்துக்கும் மேலாக ஷெட்டில் நிற்கிறது. கிக்கர் இறங்கவில்லை, டேங்க்கில் துரு. மெக்கானிக் அண்ணன் எஞ்சினை மொத்தமாக இறக்கி, சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு), புது பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார். எனக்கு நானே செய்ய ஆசை. ஆனால் ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. எங்கிருந்து தொடங்குவது?"

தாராளமாக நீங்களே செய்யலாம். பழைய இரும்பு எஞ்சின் புல்லட் அளவுக்குக் கற்றுக்கொள்ள வாகான வண்டிகள் குறைவு. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும். பாகங்களும் கோவையிலோ சென்னை புதுப்பேட்டையிலோ இன்றும் கிடைக்கின்றன. ஆனால் மொத்தமாக இறக்குவதற்கு மட்டும் இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். அனுபவமில்லாதவர் ஒரேயடியாகப் பிரித்துப் போட்ட வண்டிகளில் பாதி, சாக்குமூட்டையாகப் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகின்றன. முதலில் இருக்கிற நிலையிலேயே ஓடவைக்கப் பாருங்கள். ஓடினால்தான் எது கெட்டிருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்றே தெரியும்.

அதற்கும் முன்னால் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். 15 வருஷப் பதிவுக்காலம் என்றோ முடிந்திருக்கும். புதுப்பிக்கப் படிவம் 25. உரிமையாளர் இறந்துவிட்டதால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. இரண்டுக்கும் வழி ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகம். தாமதத்துக்கு அபராதம் இருக்கும், கட்டித்தான் ஆக வேண்டும். சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அப்புறம் ஆய்வாளரிடம் பதில் சொல்ல முடியாது.

இனி கிக்கர். பனியும் ஈரமும் உள்ள ஊரில் பல வருஷம் நின்றால் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரில் துருவோடு ஒட்டிக்கொள்ளும். ஏறி நின்று மிதித்தால் கிக்கர் ஷாஃப்ட்தான் உடையும். பொறி தரும் பிளக்கைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் சம அளவில் கலந்து அந்தத் துளை வழியாக ஊற்றி, இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். பிறகு வண்டியை நாலாவது கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். ஒரு வாரம் ஊறியும் அசையவில்லை என்றால் மெக்கானிக் அண்ணன் சொன்னது சரி, சிலிண்டரைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

சுற்ற ஆரம்பித்ததும் உடனே ஸ்டார்ட் செய்யத் துடிக்க வேண்டாம். அடியிலுள்ள டிரெயின் போல்ட்டுகளைத் திறந்து பழைய ஆயிலை முழுதும் வடியுங்கள். மோர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 தர எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். பிளக் வெளியே இருக்கும்போதே, சிலிண்டர் ஹெட்டுக்கு ஆயில் போகும் மெல்லிய குழாயின் மேல் போல்ட்டை ஒரு சுற்று தளர்த்திவிட்டு, கிக்கரைத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். அங்கே ஆயில் கசிந்து வர வேண்டும். வந்தால் பம்ப் வேலை செய்கிறது. வராமல் எஞ்சினை ஓட்டினால் பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் போய்விடும், செலவு பல மடங்காகும்.

ஸ்பேனர் விஷயம் ஒன்று. பழைய புல்லட்டில் பல நட்டுகள் பிரிட்டிஷ் அளவில் இருக்கும். கையில் இருக்கிற மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். அந்த அளவுக்கான விட்வர்த் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

பொறி வரவில்லை என்றால் முதலில் பேட்டரி. இந்த வண்டிக்குப் பேட்டரி இல்லாமல் பொறி வராது. 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று ஹெட்லைட் பல்பின் அடியில் எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கள். அடுத்து பாயின்ட், அதாவது மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டித்துப் பொறி வரவைக்கும் தொடுமுனைகள். நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பெட்ரோல் நனைத்த காகிதத்தை இடையில் விட்டு இழுங்கள். முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் கட்டாயம் வேண்டும், கண் மதிப்பு வேண்டாம்.

டேங்க்கைக் கழற்றி, பழைய பெட்ரோலைக் கொட்டி, ஒரு கைப்பிடி சிறு நட்டுகளும் வினிகரும் போட்டுக் குலுக்குங்கள். ஊறவைத்துக் கழுவி அன்றைக்கே வெயிலில் காயவைத்துவிட வேண்டும். ஈரத்தோடு விட்டால் மறுநாளே புதுத் துரு. கார்புரேட்டரில், பெட்ரோல் போகும் சிறு துளைகளான ஜெட்டுகளில், பைலட் ஜெட்தான் பெரும்பாலும் அடைந்திருக்கும். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். மின்கம்பியிலிருந்து ஒற்றைச் செப்பு இழையை எடுத்து, அதை உள்ளே விட்டு அடைப்பை நீக்குங்கள்.

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். கடல்மட்டத்தை ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே ஜெட்டில் பெட்ரோல் அதிகமாகி, பிளக் கரிபிடிக்கும், ஏற்றத்தில் வண்டி இருமும். ஆனால் இங்கே கச்சிதமாக இருக்கும்படி ஜெட்டைக் குறைத்துவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கினால், கீழே பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறும். இரண்டு பக்கமும் ஓட்டுகிறவர் ஜெட்டைத் தொடாமல், கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றினால் போதும். பிளக் நுனி காப்பிப்பொடி நிறத்தில் இருக்கட்டும்.

ஸ்டார்ட் செய்யும் முறை: சாவியைப் போட்டு, கிக்கரைக் கையளவு அழுத்தத்தில் மெதுவாக இறக்குங்கள். மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரின் முள் கழித்தல் பக்கத்திலிருந்து நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, விட்டுவிடுங்கள். கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மிதி, கடைசிவரை. அரைமிதி மிதித்தால் திருப்பி அடிக்கும், கணுக்கால் பத்திரம். செருப்போடு வேண்டவே வேண்டாம்.

எஞ்சின் ஓடிவிட்டது என்று ரோட்டுக்கு வந்துவிடாதீர்கள். மலையில் எஞ்சின் நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம், பிரேக் நின்றால் முடியாது. இரண்டு சக்கரங்களின் பிரேக் டிரம்மையும் திறந்து, ஷூ தேய்ந்தோ கிரீஸ் பட்டோ இருந்தால் புதிதாகப் போடுங்கள். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பிரேக், கிளட்ச் கேபிள்கள் எல்லாம் புதிதாகவே போடுங்கள். டயர் பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருஷ ரப்பர் ரப்பரே அல்ல, 3.25-19 அளவில் இரண்டும் மாற்றுங்கள்.

பெயின்ட் கடைசி வேலை, அதிலும் டேங்க் வேண்டாம் என்பேன். அதிலுள்ள தங்கக் கோடுகள் திருவொற்றியூர் தொழிற்சாலையில் தூரிகையால் கையாலேயே இழுத்தவை. அழிந்த இடம் அழிந்தபடியே இருக்கட்டும். மெழுகுப் பாலிஷ் போதும். மட்கார்டுக்கு அடித்தே ஆக வேண்டும் என்றால் ஜனவரி தாண்டட்டும். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கனமாகப் பெய்யும். அந்த ஈரத்தில் ஸ்ப்ரே அடித்தால் பெயின்ட் வெளுத்துப் பூத்துவிடும். வண்டியைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிவைக்கும் பழக்கத்தையும் விடுங்கள், ஈரம் உள்ளேயே தங்கும். பழைய பருத்திப் போர்வை நல்லது.

சரி, பேப்பரும் இன்ஷூரன்ஸும் கைக்கு வந்தபின், முதல் ஓட்டம் கோடநாடு ரோட்டில் இருக்கட்டும். மேட்டுப்பாளையம் இறக்கம் ஒரு மாதம் கழித்து. அப்போதும் இரண்டாவது கியரில். திரும்பி வந்ததும் எஞ்சின் ஆறட்டும், பிறகு எஞ்சின் மவுன்ட் போல்ட், சைலன்சர் நட்டு, பின்சக்கர ஆக்சில் மூன்றையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். புல்லட்டின் அதிர்வுக்கு ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கும். அடியிலிருந்து தொடர்ந்து தொம்தொம் என்று கனமான தட்டல் கேட்டால் மட்டும் ஓட்டுவதை நிறுத்திவிட்டு அந்த மெக்கானிக் அண்ணனைக் கூப்பிடுங்கள். அது கிராங்க் வேலை, லேத்தும் பிரஸ்ஸும் உள்ள இடத்தில் செய்ய வேண்டியது.